ஜே.என்.யூ.வா, ஐ.ஐ.எம்.சி.யா, தரமணியா? அரசியலும் இதழியலும் படிக்க இடம் தேடுவோருக்கு

டிசம்பர் பிறந்தால் போதும், இறுதியாண்டு மாணவர்கள் ஒரே மூச்சில் ஐந்தாறு இடங்களுக்கு விண்ணப்பம் தட்டிவிடுகிறார்கள். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகமான ஜே.என்.யூ.வில் எம்.ஏ. அரசியல், டெல்லி பல்கலைக்கழகத்தில் அதே அரசியல், ஒன்றிய அரசின் இதழியல் பயிற்சி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி.யில் ஆங்கில இதழியல், டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் மாஸ் கம்யூனிகேஷன், சென்னை தரமணியில் ஏ.சி.ஜே. என்ற ஆசிய இதழியல் கல்லூரி. எல்லாமே பெரிய பெயர், எங்கே கிடைத்தாலும் லாபம்தானே என்று கணக்கு. கோளாறு அந்தக் கணக்கில்தான். ஐந்தில் இரண்டு இடங்களில் உங்களை உட்கார வைத்துப் படிக்கச் சொல்வார்கள். மீதி மூன்றில் ஓட வைத்து எழுதவோ படமெடுக்கவோ சொல்வார்கள். முடித்து வரும்போது கையில் இருக்கும் காகிதமும் ஒன்றல்ல. சில இடத்தில் பட்டம், சில இடத்தில் பட்டயம், அதாவது டிப்ளமோ. இந்த வேறுபாடு தெரியாமல் சேர்ந்துவிட்டு முதல் பருவத்திலேயே முழிப்பவர்கள் வருடா வருடம் உண்டு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அரசியல், பொருளாதாரம், வரலாறு, சட்டம் என்று ஏதாவது ஒன்றில் முறையாக ஒரு பட்டம். அதன்மேல் ஒரு வருட இதழியல் பயிற்சி. பத்திரிகைக்குப் போக நினைப்பவருக்கு இந்த வரிசைதான் சரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மூன்று, ஐந்து வருடம் இதழியல் மட்டுமே படிப்பது வீண்செலவு என்றே நினைக்கிறோம்.

ஏன் என்று ஓர் எண்ணை வைத்துப் பார்க்கலாம். 15-ஆவது நிதி ஆணையம் 2021-26 காலத்துக்குத் தமிழ்நாட்டுக்குப் பரிந்துரைத்த பங்கு 4.079 சதவீதம். புதிதாக வேலைக்கு வந்த நிருபர் இதை எப்படி எழுதுவார்? "மத்திய அரசின் வரி வருவாயில் 4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு" என்று. இது தவறு, சின்னத் தவறும் இல்லை. ஒன்றிய அரசு வசூலிக்கும் மொத்த வரியிலிருந்து செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள், வசூல் செலவு எல்லாம் கழித்தபின் மிஞ்சுவதுதான் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் தொகுப்பு. அதில் 41 சதவீதம் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அந்த 41-இல்தான் நமக்கு 4.079. அதாவது தொகுப்பில் 100 ரூபாய் இருந்தால் தமிழ்நாட்டுக்கு வருவது 1 ரூபாய் 67 காசு. செஸ், சர்சார்ஜ் தொகுப்புக்குள்ளேயே வராததால், மொத்த வசூலோடு ஒப்பிட்டால் அதையும் விடக் குறைவு. நிதிக் கூட்டாட்சி என்ற தாளை ஒழுங்காகப் படித்தவர் இந்த இடத்தில் வழுக்க மாட்டார்.

ஆனால் அதே அரசியல் மாணவரிடம் "சாயங்காலம் 6 மணிக்குள் 350 வார்த்தை" என்று சொல்லிப் பாருங்கள். நிதி ஆணையத்தைப் பற்றிய அரசியலமைப்பின் 280-ஆவது உறுப்பிலிருந்து ஆரம்பிப்பார். 1 ரூபாய் 67 காசு மூன்றாவது பத்தியில்தான் தலைகாட்டும், ஆறு மணிக்குப் பாதிதான் முடிந்திருக்கும். இவருக்கு விஷயம் தெரியும், சொல்லத் தெரியாது. அவருக்குச் சொல்லத் தெரியும், விஷயம் தெரியாது. இரண்டையும் ஒரே கல்லூரி சேர்த்துக் கொடுப்பது அபூர்வம் என்பதால்தான் இரண்டு இடங்களில் படிக்க வேண்டியிருக்கிறது.

ஜே.என்.யூ.: எந்த வாசல் என்று முதலில் முடிவெடுங்கள்

1969-இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்க இரண்டு வாசல்கள். ஒன்று சமூக அறிவியல் பள்ளியில் இருக்கும் அரசியல் ஆய்வு மையம். மற்றொன்று சர்வதேச ஆய்வுகள் பள்ளி. இந்தப் பள்ளி ஜே.என்.யூ.வுக்கே மூத்தது, 1955-இல் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970-இல் ஜே.என்.யூ.வோடு இணைந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் முனைவர் பட்டம் வாங்கியது ஜே.என்.யூ.வில், சர்வதேச உறவுகளில்தான்.

விண்ணப்பத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரியில் இருப்பதால் பலர் "இரண்டும் அரசியல்தானே" என்று ஏதோ ஒன்றை டிக் செய்துவிடுகிறார்கள். சாதி, கட்சி, தேர்தல், அரசியல் சிந்தனை, இந்திய அரசின் இயல்பு இவற்றில் ஈடுபாடு என்றால் முதல் வாசல். வெளியுறவுக் கொள்கை, ஆயுதக் குறைப்பு, சர்வதேச அமைப்புகள் என்றால் இரண்டாவது. திராவிட இயக்க வரலாற்றில் ஆய்வு செய்யும் கனவோடு சர்வதேச ஆய்வுகள் பள்ளியில் போய் உட்கார்ந்தால் இரண்டு வருடமும் பக்கத்து வகுப்பை எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

படிப்பு எப்படி? இறுதித் தேர்வை மட்டும் நம்பிய முறை இல்லை. ஒவ்வொரு தாளுக்கும் பருவக் கட்டுரை, வகுப்பில் அளிக்கை, விவாதம் என்று வருடம் முழுக்க வேலை. நம் ஊர்க் கல்லூரிகளில் 5 மார்க், 10 மார்க் விடைகளுக்குப் பழகியவர்கள் இடறுவது முதல் பருவக் கட்டுரையில்தான். காரணம் ஆங்கிலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. பெரிய காரணம், கட்டுரைக்கு ஒரு வாதம் வேண்டும் என்பதே தெரியாமல் நான்கு புத்தகங்களிலிருந்து சுருக்கங்களை ஒட்டிக் கொடுப்பது. "இதில் நீ என்ன சொல்கிறாய்?" என்று ஆசிரியர் ஓரத்தில் எழுதிவிட்டால் மார்க் போச்சு.

இதற்கு மே, ஜூன் மாதங்களிலேயே ஒரு பயிற்சி செய்துகொள்ளலாம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசிய உரையை எடுத்துக்கொள்ளுங்கள், இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமமின்மை என்ற முரண்பாட்டைப் பற்றி அவர் அதில் எச்சரிக்கிறார். அந்த ஒரு பகுதியை மட்டும் வைத்து 1,500 வார்த்தை எழுதுங்கள். முதல் பத்தியிலேயே உங்கள் வாதம் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும். உங்களுக்கு எதிரான ஒரு கருத்தையாவது நியாயமாக எடுத்து வைத்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மேற்கோளுக்கும் அடிக்குறிப்பு. இப்படி இரண்டு கட்டுரை எழுதிப் பார்த்தவர் முதல் பருவத்தில் தடுமாற மாட்டார்.

செலவு விஷயத்தில் இதற்குப் போட்டியே இல்லை. 2019-இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்ததே, அப்போது ஒற்றை அறை வாடகை மாதம் 20 ரூபாய்தான். அதை 600 ஆக்கப் போகிறோம் என்றதும்தான் வளாகம் கொதித்தது. உண்மையான செலவு மெஸ் பில்லில் இருக்கிறது. இன்னொன்று, சேர்ந்த அன்றே விடுதி அறை கையில் கிடைத்துவிடாது. முதல் சில மாதங்கள் முனிர்காவிலோ பேர் சராயிலோ வாடகை அறை எடுக்கத் தயாராகப் போங்கள். முனிர்கா சந்துகளில் வெயில் படாத அறைகள் அதிகம். ஜூலையில் குளுகுளுவென்று இருப்பதைப் பார்த்து மயங்கி எடுத்துவிட்டால் ஜனவரிக் குளிரில் விரல் மடங்காது. மேல்மாடி, தெற்குப் பார்த்த ஜன்னல் என்று கேட்டு எடுங்கள். விடுதிகளுக்கெல்லாம் ஆறுகளின் பெயர்: காவேரி, கோதாவரி, தப்தி, சபர்மதி. பெரியார் விடுதி என்ற பெயரைப் பார்த்துப் பூரித்துப் போகும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு தகவல்: அது கேரளத்துப் பெரியாறு. சாம்பார் ஏக்கம் வந்தால் ஆர்.கே.புரம் மலை மந்திர் பக்கம்தான்.

ஆய்வுக்குப் போகிறவர்களுக்கும், மொழி பெயர்க்கவோ நீண்ட கட்டுரை எழுதவோ ஆசைப்படுகிறவர்களுக்கும் எங்கள் முதல் தேர்வு இதுதான். செய்தியாளராக வேண்டும், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் இரண்டு வருடம் நீளம்.

டெல்லி பல்கலைக்கழகம் 1922-இல் வந்தது. இங்கே எம்.ஏ. அரசியலுக்கு இடங்கள் அதிகம், அதனால் நுழைவதற்கு வாய்ப்பும் கூடுதல். சேர்க்கை ஒரு கல்லூரியின் வழியாக நடக்கும். எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்துத்தான் விடுதி, நூலகம் எல்லாம். ஆகவே விருப்ப வரிசையை நிரப்பும்போது பெயரைப் பார்க்காதீர்கள், முதுகலை மாணவர்களுக்கு விடுதி இருக்கிறதா என்று பாருங்கள். ஜே.என்.யூ. அளவுக்கு விவாதக் களமாக இருக்காது, தேர்வை மையமாக வைத்த படிப்பு. முகர்ஜி நகர் பயிற்சி மையங்கள் கூப்பிடு தூரம் என்பதால் வகுப்பில் கணிசமானவர்கள் யு.பி.எஸ்.சி. கனவோடு இருப்பார்கள். அந்தத் தேர்வில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த விருப்பப் பாடத்துக்கு 250 மார்க் வீதம் இரண்டு தாள், எம்.ஏ. பாடத்திட்டமும் அதுவும் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஐ.ஏ.எஸ். குறி என்றால் இங்கே சேருவதில் அர்த்தம் இருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஆரம்பித்த ஐந்து வருட இதழியல் படிப்பும் உண்டு. பள்ளி முடித்தவர்களுக்கு அது கவர்ச்சியாகத் தெரியும். முன்னே சொன்ன காரணத்தால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதற்குப் பதில் இந்து கல்லூரியிலோ ராம்ஜஸிலோ லேடி ஸ்ரீராமிலோ பி.ஏ. ஆனர்ஸ் அரசியல் படியுங்கள். அல்லது சென்னையில் மாநிலக் கல்லூரியிலோ தாம்பரம் கிறித்தவக் கல்லூரியிலோ படித்தாலும் குறைவில்லை.

தொழில் கற்றுத்தரும் மூன்று இடங்கள்

ஐ.ஐ.எம்.சி. 1965 ஆகஸ்டில் தொடங்கியது. அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த இந்திரா காந்தி திறந்து வைத்தார். ஜே.என்.யூ.வுக்கு ஒட்டினாற்போல அருணா ஆசப் அலி சாலையில் இருக்கிறது. ஒன்றிய அரசின் தகவல் பணி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் இங்கேதான். அதனால் இந்த இடத்துக்கு எப்போதும் ஓர் அரசு வாடை உண்டு. அதைக் குறையாகவும் சொல்லலாம், அமைச்சக வட்டாரத்தில் தொடர்பு கிடைக்கும் என்று நிறையாகவும் சொல்லலாம். சமுதாய வானொலி நிலையம் இருக்கிறது, மாணவர்கள் அதில் பேசிப் பழகலாம்.

இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரு வருட முதுகலைப் பட்டயம். 2024-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்தபின் எம்.ஏ. படிப்புகளும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவை ஊடக வணிகம், உத்திசார் தகவல்தொடர்பு என்ற வகை, செய்தி எழுதும் படிப்பு இல்லை. "ஐ.ஐ.எம்.சி.யில் எம்.ஏ." என்று கேட்டவுடன் நிருபர் பயிற்சி என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள். நிருபராக வேண்டும் என்றால் ஆங்கில இதழியல் அல்லது வானொலி, தொலைக்காட்சி இதழியல் பட்டயம். டெல்லி போக, டெங்கானல், ஐஸ்வால், மகாராஷ்டிரத்து அமராவதி, ஜம்மு, கோட்டயம் ஆகிய ஊர்களிலும் வளாகங்கள் உண்டு. ஒரே பெயர் என்றாலும் டெல்லி வளாகத்தில் கிடைக்கும் விருந்தினர் வகுப்புகளும் வேலைவாய்ப்புகளும் மற்ற இடங்களில் அதே அளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தலைநகரில் செய்தி நிறுவனங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, அவ்வளவுதான் காரணம்.

தமிழர்களுக்கு இங்கே ஒரு மனத்தாங்கல் உண்டு, நியாயமானதுதான். இந்தி, உருது, ஒடியா, மராத்தி, மலையாளம் என்று மொழிவாரியாக இதழியல் பட்டயம் நடத்தும் நிறுவனத்தில் தமிழ் இல்லை. தமிழில் எழுதப் போகிறவர் ஆங்கில வழியில் படித்துவிட்டுத் தானாகவே தமிழுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஜாமியாவில் இருக்கும் ஏ.ஜே.கே. மாஸ் கம்யூனிகேஷன் ஆராய்ச்சி மையம் 1982-இல் அப்போதைய துணைவேந்தர் அன்வர் ஜமால் கித்வாய் தொடங்கியது. இது அடிப்படையில் படம், ஒலி, ஆவணப்படம் கற்றுத்தரும் இடம். எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன் என்ற பெயரைப் பார்த்து நாளிதழ் வேலைக்கு என்று போகிறவர்கள் ஏமாறுவார்கள். இரண்டு வருடத்தில் பெரும்பகுதி கேமராவோடும் எடிட்டிங் மேசையோடும் கழியும். செய்திதான் வேண்டும் என்றால் அங்கேயே கன்வர்ஜெண்ட் ஜர்னலிசம் என்று தனி எம்.ஏ. இருக்கிறது, அதைக் கேளுங்கள். பட்டமாகவே கிடைப்பது இதன் பெரிய பலம். பிற்பாடு நெட் என்ற தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகும் கதவு திறந்தே இருக்கும். சேர்க்கைக்குச் சொந்தமாக எழுத்துத் தேர்வும், பிறகு நேர்முகமும் நடத்துகிறார்கள். ஒரு முக்கியமான விஷயம்: 2011 முதல் ஜாமியா சிறுபான்மை நிறுவனம். ஆகவே மற்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் உள்ள எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடஒதுக்கீட்டை இங்கே எதிர்பார்க்க முடியாது. இது தெரியாமல் ஓ.பி.சி. சான்றிதழை நம்பி ஜாமியாவை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து.

ஏ.சி.ஜே. 1994-இல் பெங்களூரில் பிறந்து, 2000-இல் பத்திரிகையாளர் சசி குமார் தலைமையிலான அறக்கட்டளையின் கையில் சென்னைக்கு வந்தது. இப்போது தரமணியில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பின்னால். ஒரே வருடம், அதில் மூச்சுவிட நேரமில்லை. நிருபர் பயிற்சிக்காக மட்டும் என்றால் இந்தியாவில் நாங்கள் முதலில் வைப்பது இதைத்தான். காரணம், வேலை நாள் எப்படி இருக்குமோ அப்படித்தான் இங்கே வகுப்பு நாளும் இருக்கும்.

காலையில் ஒரு விஷயம் கொடுத்து வெளியே அனுப்பினால், மாலையில் எழுதி முடித்த செய்திப் பிரதி மேசையில் இருக்க வேண்டும். முதல் மாதத்தில் எல்லோருடைய பிரதியிலும் ஒரே மாதிரித் தவறுகள்தான் வரும். கூட்டம் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று முதல் வரியில் எழுதுவது, என்ன முடிவெடுத்தார்கள் என்பதை ஆறாவது வரிக்குத் தள்ளுவது. "மக்கள் கருத்து" என்று எழுதிவிட்டுப் பேசியது ஒரே ஒரு டீக்கடைக்காரரிடம் என்பது. பேட்டி கொடுத்தவரின் பெயரை அவரிடமே எழுத்துக்கூட்டிக் கேட்காமல் வருவது. முருகேசனா முருகேஷா என்று அப்புறம் போன் போட்டால் எடுக்க மாட்டார். எண்ணை அதிகாரி சொன்னபடி எழுதிவிட்டு, அரசாணையைப் பார்க்காமல் விடுவது. ஒரு பிரதி மூன்று முறை திருத்தப்பட்டுத் திரும்பி வரும்போதுதான் இவை ரத்தத்தில் ஊறும். சொற்பொழிவு கேட்டு வருவதில்லை. வறுமை, ஒடுக்குமுறை பற்றிச் செய்தி சேகரிப்பதற்கென்றே ஒரு பாடம் வைத்து, கிராமப்புறங்களுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அதுதான் இந்தக் கல்லூரியின் அடையாளம் என்று சொல்ல வேண்டும்.

குறைகள்? கட்டணம் லட்சக் கணக்கில். தலித், பழங்குடி மாணவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் உதவித்தொகை இருக்கிறது, ஆனால் அது சிலருக்குத்தான்; விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும், சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இரண்டாவது, கிடைப்பது பட்டயம், எம்.ஏ. அல்ல. நெட், ஜே.ஆர்.எஃப்., பிஎச்.டி. என்று யோசனை இருந்தால் தனியாக ஒரு முதுகலை வேண்டும். 2023 முதல் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் கதவை யோசிக்காமல் மூடிவிடக் கூடாது. மூன்றாவது, இங்கும் எல்லாம் ஆங்கிலம். சென்னையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வார்டு உறுப்பினரிடம் தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் எழுதுவதே பயிற்சி. இதற்கு ஒரு மாற்று: தமிழ்நாடு அரசு 2025-இல் கோட்டூர்புரத்தில் தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம். புதிய இடம் என்பதால் இப்போதே மதிப்பெண் போட மாட்டோம். கல்லூரியில் படிக்கும்போதே தமிழில் எழுதிப் பழக விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல தலைமுறையாக இருக்கிறது. அதில் ஒரு வருடம் ஓடியவர் எந்த நேர்முகத்திலும் பேச்சுக்குத் திணற மாட்டார்.

டெல்லி வேண்டாம் என்பவர்களுக்கு ஹைதராபாத் பல்கலைக்கழகமும், காலாப்பட்டில் கடலோரம் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இரண்டு துறைகளுக்கும் எம்.ஏ. வைத்திருக்கின்றன. வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம், நல்ல நூலகம், மத்தியப் பல்கலைக்கழகக் கட்டணம் என்று பார்த்தால் புதுச்சேரியைப் பலர் தேவையில்லாமல் மூன்றாம் விருப்பமாகத் தள்ளுகிறார்கள். வெளிநாடு கேட்பவர்களுக்கு ஒரே வரி: லண்டன் எல்.எஸ்.இ.யில் ஒரு வருட அரசியல் முதுகலை, உதவித்தொகை கிடைத்தால் போங்கள். நியூயார்க் கொலம்பியாவில் இதழியல் படிக்க வீட்டை அடகு வைக்கிற வேலை வேண்டாம். இங்கே திரும்பி வந்து வாங்கும் நிருபர் சம்பளத்தில் அந்தக் கடன் அடையாது.

விண்ணப்பத்தில் எங்கே சறுக்குகிறது

ஜே.என்.யூ., டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி, ஐ.ஐ.எம்.சி.யின் முக்கியப் பட்டயங்கள் எல்லாவற்றுக்கும் க்யூட்-பி.ஜி. என்ற ஒரே தேர்வு, தேசியத் தேர்வு முகமை நடத்துவது. 75 கேள்வி, 90 நிமிடம், 300 மார்க். சரிக்கு 4, தவறுக்கு 1 கழியும். நான்கில் இரண்டு விடைகளை உறுதியாகத் தள்ள முடிந்தால் மிச்ச இரண்டில் ஒன்றைத் துணிந்து போடலாம், கணக்குப்படி லாபம்தான். நான்குமே இருட்டு என்றால் விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் அடுத்த கேள்வியைப் பார்க்கலாம். கேள்விக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது.

இளங்கலைக்கான க்யூட் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். முதுகலைக்கு வந்ததும், மொழிப் பாடங்களைத் தவிர, ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே. தமிழ் வழியில் பி.ஏ. அரசியல் படித்தவருக்கு இது பெரிய தடை. இறையாண்மை, அதிகாரப் பகிர்வு, நீதிப் புனராய்வு என்று அத்தனையும் தெரிந்திருக்கும், ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் நின்றுவிடுவார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல் என்று 300 கலைச்சொற்களை இருபுறமும் எழுதி வைத்துப் பழகுவதே இதற்கு வழி. கோச்சிங் போவதைவிட இது பலன் தரும்.

இந்தத் தேர்வின் மேல் எங்களுக்கு ஒரு புகார் உண்டு. எழுத்துத் தொழிலுக்கு ஆள் எடுக்க, ஒரு வரி கூட எழுத வைக்காமல் கொள்குறி வினாவில் வடிகட்டுகிறார்கள். ஜே.என்.யூ.விலும் முன்பு கட்டுரை வடிவில்தான் நுழைவுத் தேர்வு இருந்தது. நினைவாற்றல் சுமார், எழுத்து நன்றாக வரும் என்றால் உங்களுக்குத் தரமணியிலும் ஜாமியாவிலும்தான் வாய்ப்பு அதிகம்.

தேர்வைவிட அதிகம் பேர் தவறவிடுவது அதற்குப் பிறகு வரும் படியை. க்யூட் மார்க் வந்ததும் பல்கலைக்கழகமே கூப்பிடும் என்று காத்திருப்பார்கள். கூப்பிடாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாகப் பதிந்து, தனியாகப் பணம் கட்டி, விருப்ப வரிசை கொடுக்க வேண்டும். சில இடங்களில் இதற்கு இரண்டு வாரம்தான் அவகாசம். மார்ச்சில் தேர்வு எழுதிய அன்றே விண்ணப்பித்த எல்லா இடங்களின் சேர்க்கைப் பக்கத்தையும் குறித்து வைத்து, வாரம் இருமுறை திறந்து பாருங்கள்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி மிக்க பிரிவில்) வரவில்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், இ-சேவை மையம் வழியாகத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவது. அதற்கு முன் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத சாதிகள் உண்டு. பெயரின் எழுத்துக்கூட்டும் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். தேதியும் முக்கியம். சேர்க்கை நடக்கும் நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைத்தான் பொதுவாகக் கேட்பார்கள். போன வருடத்துச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கவுண்டரில் நின்றால் பொதுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், ஜூனில் தாசில்தார் அலுவலகத்தில் கூட்டம் தாங்காது.

நம் பல்கலைக்கழகங்களின் ஆறாம் பருவ முடிவுகள் தாமதமாவது இன்னொரு தலைவலி. ஐந்து பருவ மதிப்பெண் பட்டியல்களையும் ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, ஆறாவது வந்ததும் தற்காலிகச் சான்றிதழுக்கு அன்றே மனுப் போடுங்கள். அரியர் வைத்திருப்பவர்கள் இந்த வருடம் டெல்லிக் கனவைத் தள்ளிப்போடுவது நல்லது.

எந்த இதழியல் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யலாம். அங்குள்ள மாணவர்கள் நடத்தும் பத்திரிகையோ தளமோ இருக்கும். கடைசி நான்கு இதழ்களை எடுத்து ஒரு பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு செய்தியிலும் பெயரோடு பேசியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வளாகத்துக்கு வெளியே நடந்த செய்தி எத்தனை? ஓர் ஆவணத்தை, ஒரு தீர்ப்பை, ஒரு தகவல் உரிமைப் பதிலை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா? கல்லூரி விழா, விருந்தினர் உரை, துணைவேந்தர் படம் என்று நான்கு இதழும் நிரம்பியிருந்தால், அங்கே கேமரா எத்தனை லட்சம் பெறுமானது என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அரசியல் துறைக்கு இதே சோதனை வேறு மாதிரி: நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கடந்த இரண்டு வருடத்தில் விருப்பப் பாடங்களாக உண்மையில் நடந்தவை எவை என்று கேளுங்கள். கையேட்டில் 20 இருக்கும், நடந்தது 6 இருக்கும்.

இரண்டு இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு வருவதும் நடக்கும். ஜூனில் ஒரு பட்டயத்துக்குப் பணம் கட்டியபின் ஜூலையில் எம்.ஏ. பட்டியலில் பெயர் வரும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிக்குக் கட்டுப்பட்ட நிறுவனங்கள் குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். தேதி தாண்டத் தாண்டப் பிடித்தம் ஏறும். தனியார் அறக்கட்டளை நடத்தும் பட்டயப் படிப்புகளில் அவர்கள் சொந்த விதிதான், ரசீதின் பின்பக்கத்தைப் படித்துவிட்டே பணம் கட்டுங்கள். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதி பதிவாகும். அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு எடுத்து வாருங்கள். டி.சி.யை மட்டும் நடைமுறையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் எங்கே சேருவது என்று முடிவாகும் வரை பழைய கல்லூரியிலிருந்து டி.சி. வாங்காமலேயே இருப்பது உத்தமம். கேட்டால் பத்து நாளில் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.